தண்ணீர் குடிக்க வந்தவர்

...நல்ல தேங்காயா கெட்டதா என்று யாரைக் கேட்பது, கேட்டால்தான் நம்புவார்களா, காமாக்ஷி சமையல்கட்டில் நின்றுகொண்டு தேங்காயைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறாள் என்றால் மட்டாஞ்சேரியே சிரிக்காதா. உடைத்த இரண்டு மூடியும் மேடைமேல் மல்லாந்து கிடந்தன, வெள்ளை வெளேரென்றுதான் இருந்தன, ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல தேங்காயாகிவிடுமா, காறல் பிடித்திருந்தால் அது கண்ணுக்கா தெரியும், மூக்குக்கல்லவா தெரியும்... மூக்கு. ஒரு மூடியை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்துப் பார்த்தாள். காற்று உள்ளே போயிற்று, வெளியே வந்தது, அவ்வளவுதான். கர்க்கடக மாசத்து மழையில், ஆடியில், ஒரு ஜுரம் வந்தது, ஊரில் எல்லாருக்கும் வந்த ஜுரம்தான், கஷாயமும் கஞ்சியுமாகப் படுத்து எழுந்தாள், மூக்கடைப்பும் போயிற்று, ஆனால் போகும்போது வாசனையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் நாள் காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தபோது பொடி பழசு என்று நினைத்தாள். சாம்பிராணி போட்டால் புகைதான் வந்தது, மணம் வரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று ஓணம் போய், தீபாவளி போய், திருவாதிரைக் களியும் கிண்டியாயிற்று, ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்லுவாள், காது கேட்கவில்லை என்றால் சொல்லலாம், முட்டி வலிக்கிறது என்றால் சொல்லலாம், அந்த வயதுதான், ஆனால் காமாக்ஷிக்கு மூக்கு போய்விட்டது என்றால் அப்புறம் காமாக்ஷி என்று மிச்சம் என்ன இருக்கிறது?

ஏனென்றால் அவள் ருசி பார்த்துச் சமைத்தவள் இல்லை. ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆகாமல் ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது, பட்டால் அது எச்சில், அந்தப் பாத்திரத்தையே ஒதுக்கிவிட வேண்டியதுதான், இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதில் அவள் பிசகியதில்லை. உப்பு போதுமா, புளி பச்சையாக நிற்கிறதா, பருப்பு அடியில் பிடிக்கப் பார்க்கிறதா, எல்லாவற்றையும் கொதிக்கிற ஆவியே சொல்லிவிடும், மூடியைத் திறந்து ஒரு தடவை இழுத்தால் போதும். அவளுடைய சமையலுக்கு அளவே கிடையாது, மூக்குதான் அளவு. ஜுரத்துக்கு அப்புறம் வைத்த முதல் ரசத்தைக் குடித்துவிட்டு மகன் அபிராம், அம்மா, என்னது இது, கடல் தண்ணியா என்று சிரித்தான், புது உப்பு, கரிப்பு ஜாஸ்தி என்று சமாளித்தாள். மறுவாரம் கூட்டில் உப்பே இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஸ்நேஹாவின் ஃபோனைப் பார்த்து பாஸ்தா பண்ணினாள். என்ன சௌகரியம்! ஃபோனில் வரும் பெண் எல்லாவற்றையும் ஸ்பூன் கணக்கில் சொல்லிவிடுகிறாள், மூக்கை யார் கேட்கிறார்கள்? அதைவிடப் பெரிய சௌகரியம், பாஸ்தா எப்படி இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்குத் தெரியும், சாம்பார் கெட்டுப்போனால் நாலு பேருக்கும் தெரியும், மெக்ஸிகன் ரைஸ் கெட்டுப்போனால் மெக்ஸிகோக்காரன் வந்தா சொல்லப்போகிறான்? அன்றிலிருந்து தினம் ஒரு தேசம். ஹம்மஸ் என்று ஒன்று, நம் கடலைத் துவையலை எண்ணெயில் குளிப்பாட்டின மாதிரி, அதையும் பண்ணினாள். எங்க மாமியார் என்னெல்லாம் பரீக்ஷிக்கறா தெரியுமோ என்று ஸ்நேஹா ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிறாள், அந்தப் பெண் பெருமைப்படப் பட இவளுக்குக் கூசுகிறது, திருடின நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி. தினமும் இலை முன்னால் உட்கார்ந்ததும் அவர், சிவசங்கரன், இன்னிக்கு எந்த ஊர், காமு, என்று கேட்பார். தாய்லாந்து என்றால் ஒரு வாய் போட்டு மென்று விழுங்கிவிட்டு, அவாளுக்கு இப்படித்தான் இருக்கும்போல, என்பார். நன்றாக இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் இன்றைக்கு எந்த ஊரும் உதவாது. கல்பாத்தியிலிருந்து நாத்தனார் மீனாக்ஷி வருகிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு, அவருடைய தங்கை. நேற்றே ஃபோனில் கட்டளை வந்துவிட்டது, மன்னி, அபிராம் சொன்னான், நீங்க புதுசு புதுசாப் பண்றேளாம், எனக்கு அதொண்ணும் வேண்டாம் கேட்டேளா, உங்க மொளகூட்டலும் ரசமும் மதி. மதி என்றால் போதுமாம், அதுதான் போதாத இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பருப்பும் பூசணியும் தேங்காயும் சீரகமும் சேர்ந்த அந்த மொளகூட்டலை மீனாக்ஷி குழந்தையிலிருந்து சாப்பிட்டு வருகிறாள், ஒரு இழை பிசகினாலும் பிடித்துவிடுவாள். பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிடலாம், வயசாயிற்று, கை தளர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஒன்று பிடிபட்டால் இன்னொன்றும் பிடிபடுமே. மீனாக்ஷி மொளகூட்டலுக்காகவா வருகிறாள், அண்ணாவுக்கு மறதி வந்துடுத்தாமே, ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன் என்றல்லவா வருகிறாள், அந்த மறதி எங்கிருந்து வந்தது என்று காமாக்ஷியைத் தவிர... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் தேங்காய்.

அம்மா, இன்னிக்கு பஸார் ரோட்டில சுக்கு இறக்கறா போலிருக்கு, கண்ணு எரியறது, என்று கூடத்தில் லாப்டாப் முன்னாலிருந்து ஸ்நேஹா குரல் கொடுத்தாள். ஆமா ஆமா, தாங்கலை, என்றாள் காமாக்ஷி. இப்படி எத்தனை ஆமா. பவழமல்லி பூத்திருக்கு போல, ஆமா. பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கறா, ஆமா ஆமா. தோப்பும்படிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் மீன் வாடை வருகிறதென்று ஜன்னலை அடைக்கச் சொல்லி ஆயுசு முழுக்கக் கத்தினவள், இப்போது ஜன்னல் பாட்டுக்குத் திறந்து கிடக்கிறது, எப்போதாவது அவர் எழுந்து வந்து சாத்திவிட்டுப் போகிறார். ஸ்நேஹா உள்ளே வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து கண்ணை மூடி ஆவியை இழுக்கிற நடிப்பு வேறு, ஆஹா என்று ஒரு தலையாட்டல், நாடகக்காரி தோற்றாள்.

காமு, ஒரு டம்ளர் வெள்ளம் தா. வந்துவிட்டார். தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லுவார், கொச்சியில் பிறந்து மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நாக்கு, கூடத்தில் ஃபில்டர் மாட்டி வருஷமாகிறது, அங்கே பிடித்துக் குடிக்காமல் இங்கே வந்து நிற்பார், அதுவும் சரியாக அடுப்பில் வேலை மும்முரமாக இருக்கும்போது. குடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் மேடைப் பக்கம் சாய்ந்து நின்றார், தேங்காய் மூடியை எடுத்தார், வைத்தார். சேர்ளாய்ச் சந்தைக் கடைத் தேங்காயா இது? அவன் முன்ன மாதிரி இல்லை. வேறொண்ணு உடைச்சுக்கோயேன், மீனாக்ஷி வரா. சுருக்கென்றது அவளுக்கு. தேங்காய் நன்னாத்தான் இருக்கு, உங்களை யார் கேட்டா, போய்ப் பேப்பர் படியுங்கோ. சரி சரி, என்று அவர் ஒரு வாய் குடித்து டம்ளரை வைத்துவிட்டுப் போனார். கூடத்தில் ஸ்நேஹா கேட்பது காதில் விழுந்தது, அப்பா, ஃபில்டர் இங்கயல்லே இருக்கு, மறுபடியும் கிச்சனுக்கேதான் போனேளா? அவர் சொன்னார், ஆமாம்மா... மறந்துட்டேன். காமாக்ஷி சற்று நேரம் அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் என்ன தோன்றியதோ, தாராளமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறொரு தேங்காயை எடுத்து உடைத்தாள், பழைய மூடிகளைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

மறந்துட்டேன். இந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் ஜுரத்துக்கு அப்புறம் வந்த அந்த ஒரு காலை திரும்பி வந்துவிடுகிறது, அடை மழை, அடுப்பில் எதையோ வைக்கப் போனவள் குமிழைத் திருகினாள், பால்காரன் கூப்பிட்டான் என்று வாசலுக்குப் போனாள், திரும்பி வந்து பற்றவைத்தோமா இல்லையா என்ற நினைப்பே இல்லாமல் கீழே மணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஸ்நேஹாதான் அலறிக்கொண்டு ஓடி வந்தாள், அம்மா, கேஸ்! கேஸ்! வீடெல்லாம் மணக்கறதே, நீங்க இங்கயே உக்காந்துண்டு இருக்கேளே! ஜன்னலைத் திறந்தாள், குமிழை அடைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, எனக்கு வாசனை தெரியவில்லை குழந்தே, என்று அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள். வாயில் வந்தது வேறு. வெளியில கிளம்பறச்சே அப்பாதான் காபி சுடவெக்க வந்தார், இப்பத்தான் நான் வந்து உக்காந்தேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய், அடுப்பே பறிபோய்விடும் என்ற பயத்தில், இனிமேல் இவளைத் தனியாக விடக்கூடாது என்று மகனும் மருமகளும் சேர்ந்து தீர்மானித்துவிடுவார்களே என்ற பயத்தில். அவர் குடையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். ஸ்நேஹா படபடத்தாள், என்னப்பா இது, அம்மா உள்ள இருக்கா, தீக்குச்சி கிழிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவர் ஸ்நேஹாவைப் பார்த்தார், காமாக்ஷியைப் பார்த்தார். ஆமாம், காபி சுட வெச்சேன், மறந்துட்டேன், என்றார். அத்தோடு போயிற்றா, மகனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது, எர்ணாகுளத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான், அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னாராம், கடிகாரம் வரையச் சொன்னாராம். திரும்பி வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார், நான் குறைச்சுண்டே போனேன் காமு, டாக்டர்தான் மதி மதின்னார். டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார், ஆனாலும் கவனிச்சுக்கோங்கோ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார், அது போதாதா, அப்பா அடுப்புப் பக்கம் போகப்படாது, அப்பா தனியா போட் ஜெட்டிக்குப் போகப்படாது, வாழ்நாளெல்லாம் ஒரு பைசா பிசகாமல் கணக்கு வைத்திருந்த மனுஷர் கடைக்குப் போவதென்றால் ஃபோன் சட்டைப்பையில் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போகிறார். ஒருவேளை நிஜமாகவே மறந்து போயிருப்பார், நிஜமாகவே தான்தான் வைத்தோம் என்று நம்புகிறார்போல, பாவம், வயசாயிற்றே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்... சமாதானமா அது? அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவருக்காகப் பரிதாபமும் பட்டுக்கொண்டாளே, என்ன ஜன்மம்.

மொளகூட்டல் இறக்கியாயிற்று, கடுகு வெடித்ததைக் காதால் கேட்டாள், உளுத்தம்பருப்பு சிவந்ததைக் கண்ணால் பார்த்தாள், உப்பை அந்தக் காலத்துக் கையே ஒரு மாதிரி அள்ளிப் போட்டது, நம்பித்தான் ஆக வேண்டும். ரசம் இந்த அடுப்பில், நுரை கூடிக்கொண்டு வருகிறது, இதுவரை கண் சொல்லிவிடும், இதற்கு மேல்... ஸ்பூனால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டால் என்ன? நாக்குக்கு உப்பும் புளிப்பும் இன்னும் தெரிகிறது, போனது மணம்தானே. ஸ்பூனைக்கூட எடுத்துவிட்டாள். பூஜை அலமாரி இங்கிருந்து தெரியும், ஸ்வாமி பார்த்துக்கொண்டிருக்கிறார், வாயாரப் பொய் சொன்னபோதும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், அதற்குக் கூசாத வாய் ஒரு சொட்டு ரசத்துக்கா கூசுகிறது? கூசியது. பொய் தன்னோடு போகும், எச்சிலை ஸ்வாமிக்கே படைக்க முடியாது. ஸ்பூனைக் கழுவி வைத்தாள். உப்பு போட்டோமா? டப்பா திறந்திருக்கிறது, அது மொளகூட்டலுக்குத் திறந்ததா, ரசத்துக்கா? காமு, வெள்ளம்... மறுபடியும் அவர். கதவு நிலையில் கையை வைத்து நின்றார். ரசம் கொதிக்கறது போலிருக்கே, என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. உப்பு மணம் இன்னும் ஏறலை. மீனாக்ஷி உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் சாப்பிடுவா, இல்லையா. உங்களை யார்... என்று சீறத் திரும்பியவள் நிறுத்திவிட்டாள். அவர் கையில் டம்ளர் இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர், நடந்து வந்ததில் சிந்தி விரலெல்லாம் ஈரம். அவள் டம்ளரைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். இருக்கே, என்றார், தானே ஆச்சரியப்பட்ட மாதிரி, திரும்பிப் போய்விட்டார்.

உப்பைப் போட்டாள். கை போட்டது, மனம் அந்த டம்ளரிலேயே நின்றுவிட்டது. எப்போதிருந்து இவர் தண்ணீர் கேட்டு வருகிறார்? கல்யாணமான நாளிலிருந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு காபி என்று குரல் கொடுத்தவர்தானே, சமையல்கட்டு கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாதவர்தானே, கர்க்கடகத்துக்கு அப்புறம்தானே இந்தத் தாகம். பால் பொங்கறது என்று ஒரு நாள், பருப்பு அடி பிடிக்கப் பார்க்கறதோ என்று ஒரு நாள், தோசைமாவைப் பார்த்து இது நேத்திக்கு முந்தின நாளோ என்று ஒரு நாள், ஒவ்வொரு தடவையும் இவள் எரிந்து விழுந்திருக்கிறாள், கிழவருக்குப் பொழுது போகவில்லை, இல்லாவிட்டால் நிஜமாகவே புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருக்கிறாள், வீட்டிலும் அதைத்தானே சொன்னார்கள், ஃபில்டர் இருக்கிற இடம்கூட மறந்துவிட்டதென்று, மகன் அதை டாக்டரிடம் ஒரு அடையாளமாகவே சொன்னானே. அவர் சிரித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றாரே. ஜன்னலைச் சாத்தினாரே. அவாளுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று ஒவ்வொரு தேசத்தையும் விழுங்கினாரே. அப்படியானால் எப்போது தெரியும் அவருக்கு... வாசலில் குடையோடு நின்ற உருவம் எழுந்து வந்தது, இத்தனை நாளாக அதில் பார்க்க மறுத்த ஒன்றும் கூடவே வந்தது. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார், முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பஞ்சு, பிளாஸ்திரி. சர்க்கரை பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த காலை அது. அன்றைக்கு அவர் காபியையே தொடவில்லை. காபி சுட வெச்சேன் என்று சொன்னபோது அந்தப் பஞ்சு அவர் கையில் இருந்தது. அவளும் பார்த்தாள், அன்றே பார்த்தாள், பார்க்காத மாதிரி கீரைப் பக்கம் குனிந்துகொண்டாள்.

அன்னத்தில் நெய்யும் பருப்பும் விட்டு, மொளகூட்டலும் ரசமும் கிண்ணங்களில் எடுத்து ஸ்வாமிக்குக் காட்டும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முகம் காந்தியது. ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தபோது இருந்த வெட்கம் இந்த வெட்கத்துக்கு உறை போடக் காணாது, இந்த வீட்டில் ஒரு ஆள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, தன்மேல் மறதிப் பட்டத்தையும் சுமந்துகொண்டு, கையில் ஒரு டம்ளரோடு பிச்சை கேட்கிற மாதிரி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார், அவரைத்தான் இவள் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மீனாக்ஷி ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வரும்போதே, ஆஹா மன்னி, ரச மணம் கேட் வரைக்கும் வரது, என்றாள். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஸ்நேஹாவும் லாப்டாப்பை மூடிவிட்டு வந்தாள், அபிராம் ஆபீஸில். மீனாக்ஷி மொளகூட்டலைப் பிசைந்து ஒரு வாய் வைத்து நிமிர்ந்தாள். கை மாறவே இல்லை மன்னி, ருசிகூடப் பார்க்காம எப்படித்தான் பண்றேளோ, உங்க மூக்குக்குத் தங்கத்தில ஒண்ணு பண்ணிப் போடணும். காமாக்ஷி கரண்டியோடு நின்றாள். அவர் குனிந்து சாதத்தைக் குழித்துக்கொண்டிருந்தார், இலையைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதவர்போல. மீனாக்ஷி பையிலிருந்து ஒரு சின்னப் பரணி ஜாடியை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள், பிரம்மி நெய், கல்பாத்தி வைத்தியர் காய்ச்சினது, காலம்பற வெறும் வயத்தில ஒரு ஸ்பூன் அண்ணா, மறதிக்கு இதைப் போல ஒண்ணு கிடையாது, கசக்கும், ஆனாலும் விடாம சாப்பிடணும். ஸ்நேஹா சொன்னாள், நான் ஞாபகப்படுத்தறேன், அத்தை, அப்பா அதையும் மறந்துடுவார். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சரி, சாப்பிடறேன், என்றார். சாப்பிடுவார், நிச்சயம் சாப்பிடுவார், தினம் காலையில் அந்தக் கசப்பை ஒரு வார்த்தை பேசாமல் விழுங்குவார், மெக்ஸிகோவை விழுங்கின மாதிரி. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, அன்று அடுப்பைத் திறந்துவிட்டது நான் என்று, ஒரே வாக்கியம்தானே. ரசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா மீனாக்ஷி, என்றுதான் வெளியே வந்தது.

நாளைக்கு எந்த ஊர், காமு? அவர்தான் கேட்டார், தலையைத் தூக்காமல், தினமும் கேட்கிற அதே குரலில். மீனாக்ஷி ஏதோ புரியாமல் பார்த்தாள், ஸ்நேஹா அதை அவளுக்கு விளக்கத் தொடங்கினாள். இன்னும் ஒளிந்துகொள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஒளிந்துகொள், நான் வந்து நிற்கிறேன் என்றல்லவா அந்தக் கேள்வியில் அவர் சொல்கிறார், இப்படி ஒரு ஆள் இடம் கொடுத்தால் அதில் எப்படிப் போய் ஒளிவது? உங்களுக்கு வெள்ளம் வேணுமா, என்று கேட்டாள் காமாக்ஷி. ஸ்நேஹா சிரித்துவிட்டாள், அம்மா, அப்பா டம்ளர்ல நிறைய இருக்கே, உங்களுக்கும் மறதி தொடங்கியாச்சா? விளிம்பு வரைக்கும் இருந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார், எடுத்து முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் டம்ளரை நீட்டினார். ஆமாம், வேணும். கூஜாவை ஒரேயடியாகச் சாய்த்தாள், இலையெல்லாம் தெறித்தது, பரணிமேலும் தெறித்தது. துடைக்கப் போனவள் பரணியை எடுத்துத் தன் பக்கத்தில், தனக்குப் போட்டிருந்த இலையருகே வைத்துக்கொண்டாள். ஏன் மன்னி, அது அண்ணாவுக்குன்னா கொண்டுவந்தேன், என்றாள் மீனாக்ஷி. மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் மிக மெதுவாக, சொல்ல வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.